உபயதாரர் கிடைக்காத கட்டடம்

ஏப்ரல் 20, ஞாயிறு

இந்த டைரி நாச்சிமுத்து நிட்டிங் கம்பெனி புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘உபயம்: தி. நாச்சிமுத்து’ என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே இதில் நான் எழுதப்போகும் அத்தனை பொய்க்கும் உபயம் அவரே.

என் பெயர் மௌனிகா. பெயர் பார்த்துக் கொடுத்த ஜோசியரை எங்கள் பள்ளி டீச்சர்கள் இன்னமும் தேடுகிறார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தாயிற்று. பேப்பர் திருத்துகிறவர்களுக்கு என் அனுதாபம்.

ஊர் செங்காட்டுப்புதூர். முன்பு காடு இருந்ததாம், இப்போது கம்பெனி. பனியன் தைக்கிற கம்பெனி, பனியனுக்குச் சாயம் போடுகிற கம்பெனி, பனியனை அட்டைப்பெட்டியில் அடைக்கிற கம்பெனி. ஊரில் பாதிப் பேருக்கு மேல் சட்டை போடவே நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் திடலில் சந்தை. அம்மா அங்கே செகண்ட்ஸ் பனியன் விற்கிறாள். செகண்ட்ஸ் என்றால் கம்பெனி கழித்துப் போட்ட சரக்கு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. வாங்குகிறவர்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று போட்டுப் பார்ப்பதால் சரியாகவே இருக்கும்.

காலையில் வீட்டில் ஒரு டம்ளர் டீ. அதற்குப் பிறகு இருட்டி வீடு திரும்பும்வரை அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். திடலில் பொம்பளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. ஆம்பளைகளுக்கும் கிடையாது, ஆனால் அவர்களுக்குச் சுவர் இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

திடலை அழகுபடுத்தப் போகிறார்களாம். ‘அழகு’ என்பதில் முதலில் வருவது ‘அழ’ என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

உற்பத்தியாளர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். சந்தைக்காரர்களும் வரலாம் என்றார்கள். அம்மா போனாள். டீயும் வடையும் உண்டு என்பதால் நானும் போனேன். கோயம்புத்தூரிலிருந்து வைதேகி மேடம் என்று ஒருவர் பெரிய வரைபடம் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். திடல் முழுக்கப் பச்சை. நடைபாதை, கல் பெஞ்சு, நீரூற்று, மணிக்கூண்டு, ‘ஐ லவ் செங்காடு’ என்று விளக்கு எழுத்து. ஓரமாக ஒரு சின்னச் சதுரம்: பெண்கள் கழிப்பறை.

இந்த ஊரில் காரியம் நடக்கும் முறை எளிது. பேரூராட்சியிடம் இடம் இருக்கிறது, பணம் இல்லை. கம்பெனிக்காரர்களிடம் பணம் இருக்கிறது, பெயர் எழுத இடம் இல்லை. இரண்டையும் சேர்த்தால் திட்டம். எங்கள் தலைக்கு மேலே இருந்த ஃபேனின் மூன்று இறக்கையிலும் மூன்று அண்ணன் தம்பி பெயர். சுற்றினால் எவர் பெயரும் தெரியாது. கரண்ட் போனால்தான் அவர்களுக்குப் புகழ்.

சங்கத் தலைவர் நாச்சிமுத்துதான் மைக்கில். நீரூற்று என்றதும் நாலு கை எழுந்தது. மணிக்கூண்டுக்குச் சண்டையே வந்து, ஒரு முகம் உனக்கு ஒரு முகம் எனக்கு என்று நாலு பக்கக் கடிகாரத்தை நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

“அடுத்தது பெண்கள் கழிப்பறைங்க,” என்றார் வைதேகி மேடம்.

எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

“செலவு கொஞ்சந்தாங்க. நீரூத்துல பாதி கூட ஆகாது.”

“செலவுக்கு யாருங்க பயந்தா?” என்றார் ஒரு சாயப்பட்டறைக்காரர். “கக்கூஸ்ல பேர் போட்டா நாளைக்குப் பொண்ணு குடுக்கறவன் என்ன நெனைப்பான்?”

“பேர் போடாமக் குடுங்களேன்.”

நாச்சிமுத்து சிரித்தார். “மேடம், உங்களுக்கு எங்கூரு தெரியாது. பேரில்லாத கட்டடத்துக்கு ஊரே ஒரு பேர் வெச்சுப்போடும். எவன் குடுத்தான்னு தேடிக் கண்டுபுடிச்சு அவன் பேரையே வெக்கும். அதுக்கு அவனே போட்டுக்கலாம். அப்புறம் பாத்துக்கலாம்ங்க அத.”

மேடம் விடவில்லை. மைக்கைச் சந்தைக்காரப் பெண்கள் பக்கம் கொடுத்து, “உங்களுக்கு என்னங்க வேணும்? நீங்களே சொல்லுங்க,” என்றார். மைக் கை மாறிக் கை மாறி அம்மாவிடம் வந்தது. எல்லாப் பெண்களும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் வடையைக் கீழே வைத்தேன்.

அம்மா எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டு, “நெழலு வேணும்ங்க,” என்றாள்.

எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “அத்தன ஆம்பளைக இருக்கற எடத்துல எப்படிடி சொல்றது,” என்றாள். வீட்டில் என்னைத் திட்டும்போது எட்டு வீதிக்குக் கேட்கும் வாய் அது.

ஏப்ரல் 27, ஞாயிறு

திடலில் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். நீரூற்றுக்கு. பார்ப்பதற்குத் தண்ணீர் வருகிறது.

சந்தைப் பெண்கள் அவசரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது பேக்கரியின் பின்பக்கம். பேக்கரி அண்ணன் அங்கே புது அடுப்பு வைத்துவிட்டாராம். “அடுப்புக்கு மூஞ்சி காட்டிக்கிட்டு எப்படிங்கக்கா,” என்று சங்கடப்பட்டார். அதுவும் நியாயம். இனி அந்த பன்னை நான் வாங்கமாட்டேன் என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகப் பின்பக்கம் ஓடினாள். வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினேன். “சூடு புடிச்சிருக்குது. போய் வெந்தயம் ஊற வை,” என்றாள். குரல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. வெந்தயம் ஊற வைத்தேன். டிவியில் ஒன்றும் உருப்படியாக இல்லை.

ஏப்ரல் 30, புதன்

நிஷார் என் வகுப்பு. அவன் அத்தா பனியன் நெஞ்சில் படம் அச்சடிக்கிற பட்டறை வைத்திருக்கிறார். சட்டத்தில் துணி கட்டி, அதில் எழுத்தை எடுத்து, மேலே மசியை இழுத்தால் எங்கே வேண்டுமானாலும் அச்சாகும். பனியனில் மட்டும்தான் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

“நம்ம ஊருல உபயம் இல்லாம எத்தனையோ கெடக்குது நிஷாரு. பாவமா இல்ல?”

“நீ பாவம்னு சொன்னா எனக்குத்தான் அடி விழும்,” என்றான். ஆனால் சட்டத்தை எடுத்துவந்தான்.

பள்ளிக்கூடத்து ரோட்டுக் குழி: உபயம்: போன மழை.
நிழற்குடை இல்லாத பஸ் ஸ்டாப்: வெயில் உபயம்: சூரியன் அன் கோ.
சாக்கடை: கொசுக்கள் உபயம்: செங்காடு பொதுமக்கள்.
எரியாத தெருவிளக்கு: இருட்டு உபயம்: நன்கொடையாளர் பெயர் இருட்டில் தெரியவில்லை.

கடைசியது கொஞ்சம் நீளம். மசி தீர்ந்துவிட்டது.

மே 2, வெள்ளி

ஊரே சிரிக்கிறது. குழிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அந்தப் பரபரப்பில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் குழியில் விழுந்தார். அவரும் எழுந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். டாக்டரிடம் போனோம். அவர் தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். “ஞாயித்துக்கெழம தவிரன்னு எழுதிக் குடுங்க சார்,” என்றாள் அம்மா. டாக்டர் சிரிக்கவில்லை. ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் வெளியே வந்து அங்கிருந்த மீன் தொட்டியைப் பார்த்தேன். மீன்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. குடிப்பதும் போவதும் ஒரே இடம்.

அப்பா லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார். போனில் “அம்மா எப்படி” என்றார். “சூடு” என்றேன்.

மே 10, சனி

இதுவரை செய்ததெல்லாம் விளையாட்டு. இன்று செய்தது கலை.

வேப்ப மரத்தடியில், வரைபடத்தில் அந்தச் சின்னச் சதுரம் இருந்த இடத்தில், ஒரு போர்டு:

அன்னை ரங்கம்மாள் நினைவுப் பெண்கள் கழிப்பறை
விரைவில் திறப்பு விழா
உபயம்: தி. நாச்சிமுத்து குடும்பத்தார்

ரங்கம்மாள் அவருடைய அம்மா. ஊரில் பாதிக் கட்டடங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. இன்னும் ஒன்று கூடினால் குறைந்தா போய்விடும்?

பட்டப்பகலில் வைத்தோம். ஏணி தூக்கிக்கொண்டு நடப்பவனை இந்த ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு போலீஸ்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “இடது பக்கம் கொஞ்சம் தூக்கு தம்பி,” என்று நிஷாருக்கு வழிகாட்டினார். நிஷார் பயத்தில் வலது பக்கத்தைத் தூக்கினான்.

மே 11, ஞாயிறு

காய்ச்சல் விட்டுவிட்டதாகச் சொல்லி அம்மா கடைபோட வந்துவிட்டாள். போர்டைப் பார்த்த பெண்கள் போன் போட்டு, வராதவர்களையும் வரவழைத்தார்கள். மாம்பழக்காரப் பொன்னாத்தா, “அந்த மனுசன் நல்லா இருக்கோணும்,” என்று போர்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டார். அம்மா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, நாலு மடக்கு குடித்தாள். சந்தை நடுவில், நல்ல வெயிலில். நான் அதைப் பார்க்கவில்லை என்பதுபோல் ஒரு பனியனை மடித்துக்கொண்டிருந்தேன். விரைவில் என்றுதான் போர்டில் எழுதியிருந்தோம். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

நீரூற்று வேலையைப் பார்க்க நாச்சிமுத்து வந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பொன்னாத்தா ஒரு மாம்பழத்தை அவர் கையில் வைத்து, “உங்கம்மா சாமிங்க,” என்றார். அவருக்கும் சந்தோஷம். எதற்கென்று தெரியாவிட்டாலும் நன்றியை வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. “எதுக்குங்க இதெல்லாம்,” என்றபடி திரும்பியவர் போர்டைப் படித்தார்.

மாம்பழம் கீழே விழுந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போர்டைத் தன் கையாலேயே பிடுங்கினார். கம்பி குத்தி விரலில் ரத்தம். “எங்கம்மா போயி இன்னும் வருசம் திரும்பல,” என்றார். “அந்தப் பேரை எதுலயெல்லாம் எழுதறதுன்னு இல்லீங்களா?” பெண்கள் தலைகுனிந்தார்கள்.

பிறகுதான் குரல் ஏறியது. “உங்களுக்கு எடம் குடுத்தா இப்படித்தான். திடல் அழகாகுது, சந்தை இங்க எதுக்கு? பைபாசுக்கு அந்தப்பக்கம் போங்க. புதன்கெழம கூட்டத்துல தீர்மானம் போட்டுடறன்.”

பைபாசுக்கு அந்தப்பக்கம் பஸ் கிடையாது. ஆள் கிடையாது. கள்ளிச்செடிகள் பனியன் போடுவதில்லை.

அம்மா கீழே கிடந்த போர்டைத் தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தாள். பனியன் விற்கிறவளுக்குப் பனியனில் அச்சடிக்கிற மசியின் வாசனை தெரியாதா? என்னைப் பார்த்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள்.

மே 12, திங்கள்

அம்மா பேசவில்லை. திட்டவும் இல்லை. வீடு காலியாக இருப்பதுபோல் இருக்கிறது.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. பாஸ். மார்க்கை எழுதினால் இந்தப் பக்கத்தின் உபயதாரர் வருத்தப்படுவார்.

ரிசல்ட் பார்த்தது அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில். நேற்று அம்மாவுக்குக் குளிர் நடுக்கம். கட்டிலே ஆடியது. கிட்னிவரை கிருமி போய்விட்டதாம். ட்ரிப்ஸ் ஏறுகிறது. “தண்ணிய அடக்கி அடக்கி வெச்சதுதாம்மா. இன்னொருக்கா வந்தா லேசுல விடாது,” என்றார் நர்ஸ் அக்கா. அவர் அதை அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. இங்கே மீன் தொட்டியும் கிடையாது.

அம்மா கண்ணைத் திறந்து, “ரிசல்ட்டு?” என்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. “உபயம்: நிஷார்,” என்றேன். அடிக்கக் கை தூக்கினாள், ஊசி இருந்த கை. தூக்க முடியவில்லை. நான் கொஞ்சம் கிட்டே போய்க் கன்னத்தைக் கொடுத்தேன்.

மே 18, ஞாயிறு

கடையில் நான் உட்கார்ந்தேன். வியாபாரம் அருமை. “ஒரு கை நீளமா இருக்கே” என்றவரிடம், “அந்தக் கைல வாட்ச் கட்டுங்க, சரியாயிடும்,” என்றேன். வாங்கிக்கொண்டார்.

காலையில் வழக்கம்போல் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன். பத்து மணிக்கு அதன் அர்த்தம் புரிந்தது. பதினொரு மணிக்கு ஜோக் வருவது நின்றது. அதன் பிறகு யார் என்ன கேட்டாலும் கேட்ட விலைக்குக் கொடுத்தேன். பேரம் பேச நிற்க முடியவில்லை. பொன்னாத்தா என்னைப் பார்த்து, “முன்னால சாஞ்சு உக்காரு அம்முணி. வேற எதாச்சும் நெனச்சுக்கோ,” என்றார். வரிசையாக எல்லாப் பெண்களும் முன்னால் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருடம் அது வியாபாரத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று எழுதமாட்டேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

மே 21, புதன்

போன வாரக் கூட்டம் தள்ளிப்போய் இன்று நடந்தது. டாக்டர் நேற்றுத்தான் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார். “நீ படுத்திரு, நான் போய்ப் பேசறேன்,” என்றேன். “நீ பேசுனது போதும்,” என்று சொல்லிவிட்டு ஆட்டோ கூப்பிட்டாள்.

சந்தையை மாற்றும் தீர்மானத்தை நாச்சிமுத்து படித்தார். விரலில் கட்டு இருந்தது. “யாருக்காச்சும் எதாச்சும் சொல்லோணுமா?” என்று வழக்கத்துக்குக் கேட்டார். மைக்கை மூடப்போனவரிடம் அம்மா போய்க் கையை நீட்டினாள்.

“போன தடவ நெழலு வேணும்னு சொன்னனுங்க,” என்றாள். மைக் கீச்சிட்டது. “பொய்யிங்க. எங்களுக்கு ஒண்ணுக்குப் போக எடம் வேணும்.”

ஒருவர் இருமினார். பத்துப் பேர் ஃபேனைப் பார்த்தார்கள். அம்மா அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.

“காத்தால இருந்து இருட்டற வரைக்கும் தண்ணி குடிக்காம ஒக்காந்திருக்கறம். ஆஸ்பத்திரில அஞ்சு நாள் கெடந்துட்டு வர்றன். அங்க தெரியாத டாக்டர்கிட்டச் சொன்னத இங்க தெரிஞ்ச உங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கு இனி வெக்கம் இல்லீங்க.”

“அதுக்குன்னு எங்கம்மா பேர எழுதுவீங்களா?” என்றார் நாச்சிமுத்து. “எழுதுனது யாரு? அத முதல்ல சொல்லுங்க.”

பக்கத்தில் நிஷார் ஏதோ ஓத ஆரம்பித்துவிட்டான். நான் எழுந்தேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே, “எம் பொண்ணுதானுங்க. பெத்த தாயி பேர எடுத்து வெளையாண்டது தப்பு. வந்து உங்க கால்ல விழுவா,” என்றாள். விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். அம்மா நிறுத்தவில்லை. “கேட்டது தப்பில்லீங்க. உங்கம்மாவும் பொம்பளதானுங்களே. அவிய சந்தைக்கு வந்தா எங்க போயிருப்பாங்க?”

வைதேகி மேடம் வரைபடத்தில் அந்தச் சதுரத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“செலவுக்குப் பயமில்லீன்னு அன்னைக்குச் சொன்னீங்க,” என்றாள் அம்மா. “பேருக்குத்தான் பயம். சும்மா உட்டாலும் ஊரு தேடிப் புடிச்சு உங்க பேர வெச்சுப்போடும். செரி, எம்பேர வெச்சுக்குங்க. தமயந்தி. பெருசாவே எழுதுங்க. அப்புறம் யாருந் தேடமாட்டாங்க. பொண்ணு எடுக்க எனக்குப் பையன் யாரும் இல்ல. இருக்கறது ஒரே பொண்ணு. அதுக்கு இந்த வாயோட மாப்ள கெடைக்கறது எப்படியும் செரமந்தான்.”

முதலில் சிரித்தது சாயப்பட்டறைக்காரர். பிறகு மண்டபமே சிரித்தது. என் வாயை வைத்து ஊர் சிரிப்பது புதிதில்லை. நான் வாயே திறக்காமல் ஊர் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நாச்சிமுத்து கட்டுப்போட்ட விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தீர்மானக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “கட்டறது நான் கட்டறன்,” என்றார். “எங்க வீட்டுப் பேரு எங்கயும் வரக்கூடாது.”

“வராதுங்க.”

“மூணு ரூம்பு போதுமா?”

“அஞ்சு,” என்றாள் அம்மா.

“சந்தையில்லாத எடத்துல அஞ்சு ரூம்பு எதுக்கு? சந்தை அங்கயே இருக்கட்டும்,” என்றார், யாரையும் பார்க்காமல்.

ஜூன் 4, புதன்

பள்ளி திறந்துவிட்டது. பிளஸ் ஒன். முதல் வாரத்திலேயே எனக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. எழுதமாட்டேன். கழிப்பறை சம்பந்தப்பட்டது. நானே யோசித்திருந்தால் இதைவிட நன்றாக வைத்திருப்பேன்.

ஜூலை 27, ஞாயிறு

திறப்பு விழா. நீரூற்றுக்கு மூன்று முறை திறப்பு விழா நடந்தது. இதற்கு ரிப்பன் வெட்ட ஒருவரும் வரவில்லை. பச்சைக் கதவு ஐந்து. மேலே பெரிதாக ‘தமயந்தி’. உபயம் என்ற வார்த்தையையே காணோம். வைதேகி மேடம் மட்டும் கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, தேங்காய் உடைத்தார்.

சந்தைப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். யாருக்கும் முதலில் உள்ளே போகக் கூச்சம். இத்தனை நாள் அடக்கிய பழக்கம், உடனே விடுமா? “நீங்க போங்க,” “இல்லீங்க, நீங்க மூத்தவிய,” என்று பந்திக்குக் கூப்பிடுவதுபோல் நடந்தது.

அம்மா செருப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே அத்தனை பேரும் சத்தமில்லாமல் நின்றோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் பொன்னாத்தா குலவை போட்டுவிட்டார். கதவைத் திறந்துகொண்டு வந்த அம்மா, “அறிவிருக்குதா உங்களுக்கெல்லாம்?” என்றாள். அதற்குள் மற்ற நாலு கதவும் சாத்தியிருந்தன.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடையில் பனியன் மடித்துக்கொண்டிருந்தேன். பழனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அக்கா, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, தோளில் பை, முகமெல்லாம் வேர்வை. பஸ் அவருக்காக உறுமிக்கொண்டு நின்றது.

“கண்ணு, இங்க தமயந்தி எங்கிருக்குது? கண்டக்டர் சொன்னாரு.”

அம்மா நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். இதற்குச் சொல்ல என்னிடம் குறைந்தது எட்டு பதில் இருந்தது. எல்லாம் நல்ல பதில்.

அந்த அக்காவின் இடுப்பிலிருந்த குழந்தையையும் பையையும் வாங்கிக்கொண்டு, “வாங்க,” என்று முன்னால் ஓடினேன்.